பிரெய்ரிப் பயணம் – 5: வராத மழையைத் தேடி 200 கிலோமீட்டர்

சனிக்கிழமை நண்பகல். இரண்டாவது தோசையைப் பிட்டுச் சட்னியில் தொட்ட நேரத்தில் ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. மில் சங்கு மாதிரிதான், ஆனால் நாலு திசையிலிருந்தும். என் கை தானாக நின்றுவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அக்கா மகன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“டெஸ்ட் மாமா. வாராவாரம் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஊதுவாங்க. வானம் சரியில்லைன்னா ஊத மாட்டாங்க, நிஜமோன்னு ஜனங்க குழம்பிடுவாங்க. இன்னைக்கு ஊதுதுன்னா ஒண்ணும் வராதுன்னு அர்த்தம். நீங்க சாப்பிடுங்க.”

அபாயச் சங்கு ஊதினால் அபாயம் இல்லை என்று பொருள்படும் ஊருக்கு வந்திருக்கிறேன். டெக்சஸைக் கடந்து ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில் இரவு வந்து இறங்கியதோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தேன். அக்கா மகன் இங்கே பல்கலைக்கழகத்தில் வானிலை இயலில் ஆராய்ச்சி செய்கிறான். அது ஒரு படிப்பு என்பதை அக்கா இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. “மழை வருமான்னு பார்க்க எதுக்குடா அமெரிக்கா? மாடிக்குப் போய் நின்னா தெரியாதா?” என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள்.

சாப்பிட்டு முடித்ததும் கார் நிறுத்தும் அறைக்குக் கூட்டிப் போனான். தரையோடு தரையாக ஓர் இரும்புக் கதவு. தள்ளித் திறந்தால் கீழே நாலைந்து பேர் முட்டியை மடக்கி உட்காரும் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. டொர்னேடோ வந்தால் இதற்குள் இறங்கி மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே தண்ணீர் பாட்டில்கள், டார்ச், இரண்டு பழைய சைக்கிள் ஹெல்மெட், ஒரு ஜோடி செருப்பு. மூலையில் அக்கா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி. “இங்கேதான் ஜில்லுன்னு இருக்கு மாமா” என்றான்.

டொர்னேடோ என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பத்திரிகைகள் வங்கக் கடலில் வரும் புயலையும் இதையும் ஒரே பேரில் ‘சூறாவளி’ என்று எழுதிவிடுகின்றன. புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம். நாலு நாளைக்கு முன்பே பேர் வைத்து, படகுகளைக் கரையேற்றிவிடலாம். டொர்னேடோ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது, பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்தும்விடும். எந்தத் தெருவில் இறங்கும் என்பது கால் மணி நேரத்துக்கு முன்பு தெரிந்தாலே பெரிய காரியம். இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

திங்கட்கிழமை தேசிய வானிலை மையத்துக்குப் போனோம். 2006இல் திறந்த கட்டடம். உணவகத்துக்குப் ‘பறக்கும் பசு’ என்று பேர். 1996இல் வந்த ‘ட்விஸ்டர்’ படத்தில் பசு ஒன்று காற்றில் பறந்து போகுமே, அதன் நினைவாக. சாப்பாடு பற்றி எழுத ஒன்றுமில்லை.

இந்தக் கட்டடத்தில்தான் அமெரிக்காவின் இடிமழை முன்கணிப்பு மையம் இருக்கிறது. 1997 வரை கேன்சஸ் சிட்டியில் இருந்தது. வருகிறவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே ஆளுக்கு ஐந்தாறு திரையோடு சிலர். ஒருவர் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். நாடு முழுவதற்குமான அபாய வரைபடத்தை இவர்கள் ஒரு நாளைக்கு ஐந்து முறை திருத்தி வெளியிடுகிறார்கள். 2014இலிருந்து ஐந்து படிகள்: கரும்பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அதற்கும் மேல் கத்தரிப்பூ நிறம். டொர்னேடோ உருவாகத் தோதான வானம் என்றால் ‘வாட்ச்’ என்ற அறிவிப்பு இங்கிருந்து போகும். கண்ணால் கண்டாலோ ரேடாரில் சுழற்சி தெரிந்தாலோ ‘வார்னிங்’. அதைக் கொடுப்பது நாடெங்கும் உள்ள 122 வட்டார அலுவலகங்கள். தமிழில் இரண்டையும் ‘எச்சரிக்கை’ என்று மொழிபெயர்த்துவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். முதலாவதற்குக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், இரண்டாவதற்குப் பெட்டிக்குள் இறங்க வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே நின்றபடி அக்கா மகன் சொன்ன பழங்கதை இரண்டு நாளாக என் மண்டைக்குள் ஓடுகிறது. 1884இல் ராணுவத்தின் சமிக்ஞைப் படையில் ஜான் ஃபின்லி என்று ஓர் அதிகாரி. வானிலைச் சேவை அப்போது அந்தப் படையின் பொறுப்பு. நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, டொர்னேடோ வரும், வராது என்று மூன்று மாதத்தில் 2803 கணிப்புகள் கொடுத்தார். 96.6 சதவீதம் பலித்தது என்று அறிவித்தார். கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: கண்ணை மூடிக்கொண்டு எல்லா நாளும் ‘வராது’ என்று சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் பலித்திருக்குமே!

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு போய்விட்டது. உண்மையில் வந்த 51 டொர்னேடோக்களில் 28ஐ ஃபின்லி முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். ‘வராது’ என்றே சொல்லிக்கொண்டிருப்பவர் அந்த 51இல் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். மதிப்பெண் மட்டும் அவருக்கே அதிகம். சில ஆண்டுகளில், ஜனங்கள் பீதியடைவார்கள் என்று அந்தச் சொல்லையே முன்னறிவிப்பிலிருந்து விலக்கினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது தலைகாட்டியதே அரிது. இடிமழை என்பார்கள், பலத்த காற்று என்பார்கள். டொர்னேடோ என்று வாயைத் திறக்க மாட்டார்கள்.

வாயைத் திறந்தவர்கள் இங்கிருந்து அரை மணி நேரக் கார்ப்பயணத்தில், டிங்கர் விமானப்படைத் தளத்தில் இருந்தார்கள். 1948 மார்ச் 20 இரவு, அந்த மாதம்தான் மாற்றலாகி வந்திருந்த ராபர்ட் மில்லர் பணியில் இருந்தார். பலத்த காற்றடிக்கும், இடிமழை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பத்து மணி வாக்கில் டொர்னேடோ தளத்தின் மேலேயே ஏறிப் போனது. விமானங்கள் நொறுங்கி ஒரு கோடி டாலருக்கு மேல் நட்டம். விசாரணைக்கு வந்த அதிகாரிகள், இது முன்கூட்டிச் சொல்லக்கூடியதல்ல, தெய்வச் செயல் என்று எழுதிவிட்டுப் போனார்கள். தளத்தின் தலைவரான ஜெனரல் போரம் அப்படி விடவில்லை. மில்லரையும் அவருடைய மேலதிகாரி ஃபாபுஷையும் அழைத்து, சொல்ல முடியுமா முடியாதா என்று பார்க்கச் சொன்னார். பழைய டொர்னேடோ நாள்களின் வரைபடங்களை இருவரும் தோண்டியெடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

25ஆம் தேதி காலை வரைபடத்தைப் பார்த்தால், அச்சாக 20ஆம் தேதி போலவே இருக்கிறது. ஒரே இடத்தில் ஐந்து நாளில் இரண்டாவது தடவையா? யாரும் நம்ப மாட்டார்கள். ஜெனரல் நேருக்கு நேராகக் கேட்டார். பிற்பகல் மூன்று மணி வாக்கில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: டொர்னேடோ வரலாம். விமானங்களைக் கொட்டகையில் ஏற்றினார்கள், ஆள்களை ஒதுக்கினார்கள். மாலையில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. வேலை போயிற்று என்று மில்லர் வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு வந்தது. வானொலியில் செய்தி கேட்டபோது, போன வாரத்துக் கதையை மறுபடி சொல்கிறார்கள் என்று நினைத்தாராம் மில்லர். நட்டம் இம்முறையும் லட்சக்கணக்கில்தான். உயிருக்குச் சேதமில்லை.

செவ்வாய்க்கிழமைதான் எங்கள் நாள். காலை ஏழரைக்கே மடிக்கணினியைக் காபிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஓக்லஹோமாவின் மேற்குப் பாதி ஆரஞ்சு.

“இதைப் பாருங்க மாமா. காலைல விட்ட பலூன்.”

தினமும் இரண்டு வேளை பலூனில் ஒரு கருவியைக் கட்டி விடுகிறார்கள். அது முப்பது கிலோமீட்டர் உயரம் ஏறி வெடிப்பதற்குள் வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகும். திரையில் கோணல்மாணலாக இரண்டு கோடுகள், ஒன்று வெப்பத்துக்கு, இன்னொன்று பனிநிலைக்கு. தரையோரத்தில் இரண்டும் ஒட்டி நின்றன. 600 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே கிடக்கும் மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் இரவோடிரவாக வந்து இறங்கியிருக்கிறது. அதற்கு மேலே ஒன்றரைக் கிலோமீட்டரில் வெப்பக் கோடு திடீரென்று வலப்பக்கம் வெட்டித் திரும்பியது. மெக்சிகோவின் மேட்டுநிலத்திலிருந்து வந்த சூடான வறண்ட காற்று, ஈரத்தின் மேல் பலகை போட்டது போலப் படுத்திருக்கிறது. இவர்கள் அதைத் தொப்பி என்கிறார்கள். மூடி என்றால் நமக்குச் சரியாகப் புரியும்.

மூடி இல்லாவிட்டால் பத்து மணிக்கே ஆங்காங்கே சிறு தூறலாகப் போட்டு ஈரம் தீர்ந்துவிடும். மூடி இருந்தால் வெயில் ஏற ஏறக் கீழே வேகம் சேரும். பிற்பகலில் எங்காவது ஓரிடத்தில் பிளந்தால் போதும், அவ்வளவும் அந்த ஓட்டை வழியாக ஒரேயடியாக மேலேறும். தரையில் தென்கிழக்குக் காற்று, மேலே மேற்கிலிருந்து பல மடங்கு வேகத்தில் இன்னொரு காற்று. நடுவில் மாட்டிய காற்று பூரிக்கட்டை போலப் படுத்தவாக்கில் உருளும். மேலேறும் காற்று அந்தக் கட்டையைத் தூக்கி நிமிர்த்தும். மேகம் முழுக்கச் சுழல ஆரம்பிக்கும். அதுதான் சூப்பர்செல்.

“மூடி திறக்குமா?”

“அதுதானே மாமா கேள்வி.” அதற்குமேல் அவன் சொல்லவில்லை. மூன்று வருஷப் படிப்பின் பலன் இந்த அடக்கம் என்று அக்காவிடம் சொல்ல வேண்டும்.

பதினொரு மணிக்குக் கிளம்பி 40ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். இரண்டு பக்கமும் செம்மண். நம் தேரிக்காட்டு நிறம். அதன் மேல் கோதுமை முழங்கால் உயரப் பச்சையாக அலையடித்தது. எல் ரீனோ என்ற ஊர்ப்பலகை வந்ததும் பேசிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். 2013 மே 31இல் இதற்குத் தெற்கே இறங்கிய டொர்னேடோவின் அகலம் 4.2 கிலோமீட்டர். டொர்னேடோக்களின் வயிற்றுக்குள் கருவி வைத்து அளந்த டிம் சமராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். பதினொரு நாளைக்கு முன்புதான் மூர் நகரில் 24 பேர் செத்திருந்தார்கள். அந்தப் பயத்தில் ஜனங்கள் வீட்டில் இருக்காமல் காரில் கிளம்ப, அன்று மாலை சாலையெல்லாம் வண்டிகள் நகராமல் நின்றனவாம். நாங்கள் போனபோது அந்தச் சாலையில் ஒரு லாரியும் வைக்கோல் உருளைகளும்தான்.

வெதர்ஃபோர்டைச் சுற்றிக் காற்றாலைகள். பல்லடம் பக்கம் போகிற மாதிரி இருந்தது.

இரண்டு மணிக்கு எல்க் சிட்டியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். எங்களைப் போலவே இன்னும் ஏழெட்டு வண்டிகள். ஆலங்கட்டி விழுந்து பனங்கொட்டை சூப்பிய மாதிரி குண்டும் குழியுமான கூரைகள், மேலே ஆன்டெனாக்கள். புயல் துரத்துகிறவர்கள் என்று பேர், ஆனால் எல்லோரும் சும்மா நின்றார்கள். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு மேற்கையே பார்த்தார், பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல. எங்களுக்கு மேற்கே எங்கேயோ வறள்கோடு இருந்தது: இந்தப் பக்கம் வளைகுடா ஈரம், அந்தப் பக்கம் பாலைக் காற்று. இந்த மாநிலத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்கும் தானியங்கி வானிலை நிலையங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களை அனுப்புகின்றன. அதை வைத்துக் கோடு நகர்வதை அவன் செல்பேசியிலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலரை மணிக்கு முதல் மேகம் கிளம்பியது. பூக்கோசு போலக் குமுறி, உயர்ந்து, கழுத்து மெலிந்து, ஒருபக்கம் சாய்ந்து, பத்து நிமிடத்தில் பஞ்சாகக் கரைந்துபோனது. அடுத்தது இன்னும் கொஞ்சம் உயரம். அதுவும் போயிற்று. ‘வான்கோழி’ என்றான். மூடியை முட்டித் தோற்கும் ஒல்லி மேகக் கோபுரத்துக்கு இவர்கள் வைத்த பேர். ஏழு வான்கோழி வரை எண்ணினேன். வெயில் சாயச் சாய அவையும் நின்றன. எட்டேகால் மணிக்குச் சூரியன் ஒரு மறைப்பும் இல்லாமல், தட்டு மாதிரி, தரையில் இறங்கியது.

“பஸ்ட்” (பொய்த்துப்போயிற்று) என்று ஒருவர் காறித் துப்பாத குறையாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

திரும்பும்போது நான்தான் கேட்டேன், ஆரஞ்சு தீட்டினவர்களை யாரும் ஏசமாட்டார்களா என்று.

“ஏசுவாங்க மாமா. 2019 மே 20ல கத்தரிப்பூ நிறமே போட்டாங்க. முதல் நாளே ஸ்கூலுக்கெல்லாம் லீவு. சில டொர்னேடோ வந்தது, ஆனா பயந்த மாதிரி ஒண்ணும் நடக்கல. மறுநாள் எல்லாரும் சிரிச்சாங்க. அதே 1999 மே 3ஆம் தேதி காலைல, அப்ப இருந்த மூணு படில அடிப்படிதான் போட்டிருந்தாங்க. உச்சப்படிக்குப் போனது சாயங்காலம் நாலு மணிக்கிட்ட. அன்னைக்கு ஒரே டொர்னேடோல 36 பேர்.” சற்று நேரம் ஓட்டிவிட்டுச் சொன்னான்: “அன்னைக்கும் காலைல பலூன் விட்டாங்க. இதே மாதிரிக் கோடுதான்.”

கிளின்டனைத் தாண்டியிருப்போம். தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, ஏதோ மினுங்கியது. வண்டியை ஒரு மண் சாலையில் திருப்பி விளக்கை அணைத்தான். வெகுதூரத்தில் ஒரே ஒரு மேகம். உச்சி தட்டையாக விரிந்து, கொல்லன் பட்டறை அடைகல் போல நின்றது. உள்ளே ஓயாமல் வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் அதன் மடிப்புகள் மஞ்சளாகத் தெரிந்து மறைந்தன. தலைக்கு மேலே மேகம் ஒரு துண்டுகூட இல்லாமல் நட்சத்திரங்கள்.

செல்பேசியில் ரேடாரைத் திறந்தான். சிவப்பு ஆற்றுக்கு அப்பால், டெக்சஸில். நேர்கோட்டில் 160 கிலோமீட்டர். “அங்கே ஒரு இடத்துல மூடி திறந்திருக்கு” என்றான்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இடி இவ்வளவு தூரம் கேட்காது என்று தெரியும். கோதுமையில் காற்று ஓடும் சத்தம் மட்டும். இருட்டில் செல்பேசி அடித்தது, ஊரில் விடிந்திருக்கும்.

“என்னடா, அங்கே மழையா?” என்றாள் அக்கா.

(தொடரும்)