புதுக் குழாய் வந்த நாள்

கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒன்று. மொத்தமே 28 பிள்ளைகள்.

வாஷர் தேய்ந்து நாளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்த குழாயை நேற்று தலைமையாசிரியை மாற்றிவிட்டார். இடைவேளையில் அதைத் திறந்து மூடிப் பார்க்க ஒரு வரிசையே நின்றதாம்!

பணம்? பள்ளி மானியம்தான்.

சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைப்படி 30 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 பேர் வரை என்றால் 25,000. சாக்பீஸ், பதிவேடு, சில்லறைப் பழுது எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்கு. சின்னத் தொகைதான். ஆனால் ஒரு வகுப்பறையின் அன்றாடம் இதை நம்பித்தான் ஓடுகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். மானியச் செலவைக் கண்காணிக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை, பாவம்.

முன்னாள் மாணவர்கள் உதவ, தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த குழுக் கூட்டம் என்றைக்கு? ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்களேன்.