எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள்

சென்ற இதழ் கேள்வி-பதில் பக்கத்தில் பவர் டில்லருக்கு எண்ணெய் மாற்றுவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதிலும் தெளிவாக இருந்தது. ஆனால் என்னைப் போன்ற சிறு விவசாயிகள் பலரிடம் பவர் டில்லர் கிடையாது. மோட்டார் சைக்கிளோ மொபெட்டோதான் எங்களுக்கு மாட்டுவண்டி. காலையில் பால் கேன், மதியம் உர மூட்டை, சாயங்காலம் மண்டிக்கு முருங்கைக்காய் என்று எல்லாம் அதில்தான் போகிறது. அது ஒரு நாள் படுத்தால் பறித்த காய் வாடிவிடும். அதனால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மொபெட் என்றாலே டிவிஎஸ்தான். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர், கூடங்குளத்துக்கு வடமேற்கே இருக்கிற திருக்குறுங்குடி. 'டிவிஎஸ்' என்பதில் உள்ள 'டி' அந்த ஊர்ப் பெயர்தான். 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. அதற்குப் பின் வந்த எக்ஸ்எல் வண்டிகளும் வெகுகாலம் டூ ஸ்ட்ரோக்தான். பெட்ரோல் போடும்போதே 2டி எண்ணெயையும் அளந்து ஊற்றிக் குலுக்கி விடுவோம். பிஸ்டனும் பேரிங்கும் அந்தக் கலவையில் நனைந்தே ஓடும். எண்ணெய் எரிந்து புகையாகப் போய்விடும். அந்த வண்டிக்காரர் எஞ்சின் எண்ணெய் அளவு பார்த்ததில்லை, பார்க்கவும் தேவையில்லை. 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதன் எண்ணெய் எஞ்சினுக்கு அடியில் தனியாகக் கிடந்து, மேலே போய் நனைத்துவிட்டு மறுபடி கீழே வரும். பெட்ரோலோடு அதற்குச் சம்பந்தமில்லை. வண்டி மாறிவிட்டது, பலருக்குக் கைப்பழக்கம் மாறவில்லை.

என் சித்தப்பா மகன் ஒரு நாள் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து நின்றான். "அண்ணே, கிக்கர் இறங்க மாட்டேங்கு."

"எண்ணெய் எப்ப மாத்துன?"

"மாத்தவா? பெட்ரோல் போடும்போதெல்லாம் ஊத்திக்கிட்டுத்தான இருக்கேன்!"

பெட்ரோலில் ஊற்றிய எண்ணெய் புகையாகப் போயிருக்கிறது, பிளக்கில் கரியாகப் படிந்திருக்கிறது. அடியில் இருக்க வேண்டிய எண்ணெய் வற்றி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. சிலிண்டர், பிஸ்டன், ரிங், கூலி எல்லாம் சேர்த்து அவனுக்கு இரண்டு மாதப் பால் காசு போனது. இரண்டு பசுமாடும் ஒரு பொண்டாட்டியும் உள்ளவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்த மாதம் பருத்திக்கொட்டை கடனில் வாங்கினான்.

எண்ணெய் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் அளவு தப்பாகக் காட்டும். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணைத்து, எண்ணெய் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மூடியோடு இருக்கும் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். மூடியைத் திருகி இறுக்கிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் படம் இருக்கும். படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையாகக் கண்டுபிடித்துச் சொல்வார்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். எங்கும் ஒழுகவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள். பழைய எஞ்சின் ஒழுகாமலே எண்ணெயை எரித்துக் குடிக்கும்.

டிராக்டருக்கு வாங்கிய எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றுகிறவர்களும் உண்டு. கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தகடுகளும் அதே எண்ணெயில்தான் ஊறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு ஏற்காத எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். எஞ்சின் கத்தும், மூட்டையோடு வண்டி ஏறாது. பைக்குக்கான எண்ணெயில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்பதும் புத்தகத்தில் இருக்கிறது. சுமை ஏற்றிப் புழுதியில் ஓடும் என் வண்டிக்கு நான் அதற்கும் முன்பே மாற்றிவிடுகிறேன். எண்ணெய் விலை எஞ்சின் விலை ஆகாது.

அடுத்தது செயின். ஆனி, ஆடிக் காற்றில் கடலோர ஊர்களில் உப்பும் செம்மண் புழுதியும் சேர்ந்து அடிப்பது உங்களுக்குத் தெரியும். கழித்துப்போட்ட எஞ்சின் எண்ணெயைச் செயினில் வழிய விட்டால் அதில் மண் ஒட்டி, உப்புத்தாள் தேய்ப்பது போல் பல்லைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் துடைத்து, 90 கியர் எண்ணெயை லேசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுவேன். செயின் நடுப்பகுதியை விரலால் தூக்கினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆட வேண்டும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள். சுமை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கிச் செயின் இன்னும் இறுகும் என்பதால், விறைப்பாக வைப்பது தளர்வாக வைப்பதைவிட மோசம். ஒன்று முக்கியம்: எஞ்சினை ஓடவிட்டு, சக்கரம் சுற்றச் சுற்றச் செயினைத் துடைக்காதீர்கள். துணியோடு விரலும் உள்ளே போய்விடும். கையால் சுற்றுங்கள்.

செயின் சரிசெய்ததும் பின் பிரேக்கைப் பாருங்கள். சக்கரம் நகர்ந்ததால் அதன் அளவும் மாறியிருக்கும். டிரம் பிரேக்கில் பல வண்டிகளுக்கு வெளியே ஓர் அம்புக்குறி உண்டு. பிரேக்கை அழுத்தும்போது அம்பு, எதிரே உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. மாற்றுவதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலை ஊசி போல் பீய்ச்சுகிறவை. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம், சர்வீசுக்குக் கொண்டுபோங்கள்.

உர மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. யூரியாவும் பொட்டாஷும் இரும்புக்கு ஆகாது. மூட்டையிலிருந்து சிந்தும் தூள் கேரியர் இடுக்கிலும் போல்ட்டிலும் தங்கி, ஈரம் பட்டதும் இரும்பை அரிக்கும். உரம் இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் போர் உள்ளவர்கள் குடிதண்ணீரில் ஒரு குடம் ஒதுக்கலாம். கழுவியதும் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை நாலைந்து தடவை பிடித்து உலரவையுங்கள்.

மாற்றிய பழைய எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்தால் ஒர்க்‌ஷாப்பில் அவர்கள் பீப்பாயில் ஊற்றிக்கொள்வார்கள். நான் போர் மோட்டார் அறையில் ஒரு ஐந்து லிட்டர் கேன் வைத்திருக்கிறேன்.