கடலை அளந்த சித்தப்பா

"புதுச்சேரிக்குப் போலாம், வர்றியாடா?" என்று சித்தப்பா கேட்டபோது காற்று, காபி, கடற்கரை என்று கனவு கண்டுகொண்டே கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் மனுஷர் கையில் இரண்டு கம்பு, ஒரு கயிறு!

"யாரையாவது அடிக்கப் போறோமா, சித்தப்பா?"

"கடலை அளக்கப் போறோம்!"

சித்தப்பா ரிட்டயரான பூகோள வாத்தியார். ரிட்டயரானது வேலையிலிருந்துதான், பூகோளத்திலிருந்து அல்ல.

காந்தி சிலைக்கு வடக்கே, தலைமைச் செயலகத்துக்கு எதிரே இறங்கினோம். சின்ன வயதில் அப்பாவோடு வந்து இங்கே மணலில் உருண்டிருக்கிறேன். அப்புறம் பல வருஷம் கழித்து வந்தபோது மணலைக் காணோம். கருங்கல்தான் குவிந்து கிடந்தது. இப்போது மறுபடியும் மணல்!

"என்ன மாயம் சித்தப்பா இது?"

"மாயமில்லடா, மணல் ஒரு பிரயாணி. தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசமெல்லாம் அலை அதைக் கரையோரமா வடக்கே தள்ளிட்டுப் போகும். வடகிழக்குப் பருவத்துல கொஞ்சம் திரும்பி வரும். வரவு செலவு பார்த்தா, வடக்கே போறதுதான் ஜாஸ்தி. 1986-லேர்ந்து 89 வரைக்கும் அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ளே கல்சுவர் கட்டினாங்க. தெற்கேர்ந்து வந்த பிரயாணி அங்கேயே இறங்கிட்டான். இந்தப் பக்கம் பஸ் காலி!"

தேங்கும் மணலை எடுத்து வடக்கே போடுகிற ஏற்பாடும் திட்டத்தில் இருந்ததாம். ஒழுங்காக நடக்கவில்லை. வருகிற மணல் நின்றது; போகிற மணல் போய்க்கொண்டே இருந்தது. 2018-ல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார் இங்கே தண்ணீருக்கடியில் ஒரு பெரிய இரும்புத் திட்டை இறக்கினார்கள். அலை அதன்மேல் உடைந்து வேகம் குறைகிறது. பின்னால் மணல் தங்குகிறது.

"சரி, கம்பைப் பிடி!"

ஒன்றரை மீட்டர் கம்புகள். சென்டிமீட்டர் கோடு போட்டது. நடுவே இரண்டு மீட்டர் கயிறு. எமெரி என்ற அமெரிக்கர் 1961-ல் எழுதி வைத்த முறையாம். நான் கடல் பக்கக் கம்பு. சித்தப்பா கரைப் பக்கம் குனிந்து, என் கம்பின் தலையையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பார்ப்பார். அந்தக் கோடு அவர் கம்பில் எங்கே வெட்டுகிறதோ, அதுதான் இறக்கம். இப்படியே கயிறு கயிறாகத் தண்ணீர் வரை. அதே இடத்தில் மாசா மாசம் செய்தால் கரை ஏறுகிறதா, தேய்கிறதா என்று தெரிந்துவிடும்.

"கேபிள் போடறீங்களா சார்?" என்றார் ஒரு சுண்டல்காரர்.

"இந்த சாட்டிலைட் காலத்துல கம்பு எதுக்கு?" என்று முனகினேன்.

"அதுவும் வேணும்டா. 1990-லேர்ந்து 2018 வரைக்கும் படங்களை வெச்சுப் பார்த்ததுல, இந்தியக் கரையில சுமார் 34 சதவிகிதம் அரிச்சிட்டு இருக்கு, 27 சதவிகிதம் வளர்ந்திட்டு இருக்குன்னு கணக்கு வந்துது. ஆனா லேண்ட்சாட் படத்துல ஒரு புள்ளின்னா முப்பது மீட்டர். ஒரு குடும்பத்தோட வாசல், கொல்லை எல்லாம் அந்த ஒரு புள்ளிக்குள்ளே அடங்கிடும்!"

அளந்து முடித்ததும் காபிக்குத் திரும்பினேன். சித்தப்பா ஆட்டோவைக் கூப்பிட்டார். "பாதிக் கணக்குதான் ஆச்சு. மீதி வடக்கே!"

நகரைக் காக்கக் கல் கொட்டக் கொட்ட, அரிப்பு வடக்கே நகர்ந்து எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களுக்குப் போய்விட்டது. அங்கே தூண்டில் வளைவு போட்டால் அதற்கும் வடக்கே அரிக்கிறது. மணலுக்கு மாநில எல்லை தெரியுமா, என்ன!

பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலிலிருந்து பத்தடியில் அலை.

"எங்க கிட்டயும் அளவு இருக்குது சார்" என்றார். "என் கல்யாணத்தப்போ வூட்டுக்கு முன்னாடி நாலு வரிசை தென்னை. பெரிய பையன் பொறந்தப்போ மூணு. பொண்ணைக் கட்டிக் குடுத்தப்போ ஒண்ணு. இப்போ வூடுதான் முதல் வரிசை. கரைவலை இழுக்கணும்னா கால் வைக்க மணல் வேணுமே? அதை வுட்டாச்சு."

சித்தப்பா நோட்டில் எழுதிக்கொண்டார். நான் கிண்டல் எதுவும் பண்ணவில்லை.

அளக்க ஆரம்பிக்குமுன் அசையாத ஓர் அடையாளம் வேண்டும். அடுத்த முறையும் அதிலிருந்துதானே தொடங்க வேண்டும்? சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நம்ம வூட்டுச் சுவத்துலயே கோடு போட்டுக்கோங்க சார்" என்றார் பெரியவர், உபசாரமாக.

சித்தப்பா சுவரைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பதில் சொல்லாமல் பின்பக்கமாக நடந்து, ரோட்டோரம் இருந்த கரன்ட் கம்பத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தார்.

"அவ்ளோ தூரத்துலயா சார்?" என்று கேட்டார் பெரியவர்.

கயிற்றில் சிக்கே இல்லை. இருந்தாலும் நான் குனிந்து சிக்கெடுக்க ஆரம்பித்தேன்.