தாய்மாமன் சீர்

2023ஆம் ஆண்டு சனவரி மாதம் என் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்போது நான் முதலாமாண்டு மாணவன். தாய்மாமன் ஆகிவிட்டேன் என்ற பெருமை ஒரு பக்கம். முப்பதாம் நாள் சடங்குக்குச் சீர் கொண்டுபோக வேண்டுமே என்ற கவலை மறு பக்கம். தங்கக் காப்பு வாங்கும் வசதி எனக்கில்லை. சனிக்கிழமைகளில் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த 200 வெள்ளிதான் கையில் இருந்தது.

"தம்பி, ஒரு ரோக்கர் வாங்கிக் கொடுத்திடு. நீதான் படிச்சவன், நல்லதா பார்த்து வாங்கு," என்றார் அக்கா.

ரோக்கர் என்பது குழந்தைகளுக்கான ஆடும் நாற்காலி. வளைந்த இரண்டு கால்களின் மேல் துணி இருக்கை. கைக்குழந்தையாக இருக்கும்போது சாய்வாக வைத்துக்கொள்ளலாம். மேலே பொம்மைகள் தொங்கும் கம்பி, அடியில் பேட்டரியில் இயங்கும் சிறு அதிர்வுப் பெட்டி. குழந்தை வளர்ந்ததும் கம்பியைக் கழற்றி, முதுகை நிமிர்த்திவிட்டால் அதுவே சின்ன நாற்காலி ஆகிவிடும். 18 கிலோ வரை தாங்கும்.

கடையில் ஒரு மணி நேரம் நின்று எடைபோட்டேன். கால்கள் வழுக்குமா? துணியைக் கழற்றித் துவைக்க முடியுமா? எத்தனை வருடம் உழைக்கும்? இத்தனையும் பார்த்தவன், பெட்டிக்குள் இருந்த கையேட்டை மட்டும் பார்க்கவில்லை. நாற்காலியைப் பூட்டுவதற்குப் பெட்டியில் இருந்த படங்களே போதுமானதாக இருந்தன.

சடங்கன்று சீர்த்தட்டுகளுக்கு நடுவே ரோக்கரை வைத்தபோது எல்லாரும் பாராட்டினார்கள், பாட்டியைத் தவிர. அவர் விசையை அழுத்தி, இருக்கை அதிர்வதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆளு இல்லாமயே ஆடுதா? அப்ப புள்ளைய யாரு பாக்குறா?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

என் பாட்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் ஆயாக் கொட்டகையில் வேலை செய்தவர். விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடும் தாய்மார்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் பால்வெட்டப் போவார்கள். வரிசையாகக் கட்டிய ஏணைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கைக்கு ஒன்றாக இரண்டு ஏணைகளை ஆட்டிக்கொண்டே மூன்றாவதைக் காலால் ஆட்டுவாராம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். மலாய் பேசுவார்; ஆனால் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். அக்கா தொழிற்சாலை வேலைக்குத் திரும்பியதும் பேத்தி மகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையதாயிற்று.

மார்ச் மாத இறுதியில் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். மதிய நேரம். கூடத்தில் உட்கார்ந்து இடுபணி எழுதிக்கொண்டிருந்தேன். நான்கடி தூரத்தில் ரோக்கரில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அதிர்வுப் பெட்டி மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. நல்ல பொருள்தான் வாங்கியிருக்கிறோம் என்று மனத்துக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கொல்லைப்புறத்திலிருந்து துணிக்கூடையோடு வந்த பாட்டி சட்டென்று நின்றார். மறுகணம் கூடை தரையில் கிடந்தது. பாப்பா அவர் கையில் இருந்தாள்.

"கழுத்து மடிஞ்சி கெடக்குடா! பக்கத்துலதானே ஒக்காந்திருக்க?"

பாப்பா நீளமாக ஒரு மூச்சை இழுத்து, பிறகு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கைகள் வெகுநேரம் நடுங்கின.

அன்றிரவு படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பெட்டியைத் தேடி எடுத்தேன். கையேடு நெகிழி உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் எச்சரிக்கை: இந்த இருக்கை தூங்குவதற்கு உரியதன்று. ஆங்கிலத்திலும் வேறு சில மொழிகளிலும் அச்சிட்டிருந்தார்கள். தமிழில் இல்லை. பாட்டிக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எச்சரிக்கை இல்லை. எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்த நானோ கையேட்டைத் திறக்கவே இல்லை. இந்த இரண்டுக்கும் இடையில்தான் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். கைக்குழந்தையின் தலை உடம்பைப் பார்க்கக் கனமானது. கழுத்துத் தசைக்கோ வலு போதாது. சாய்வான இருக்கையில் தூங்கும்போது தலை முன்னால் விழுந்து முகவாய் நெஞ்சில் படும். மெல்லிய மூச்சுக்குழல் மடங்கிவிடும். அழவோ தலையை நிமிர்த்தவோ அந்தக் குழந்தையால் முடியாது. சத்தமே இல்லாமல் மூச்சு அடைபட்டுவிடும். ஒரு பிரபல நிறுவனத்தின் இத்தகைய ரோக்கர்களில் 2009 முதல் 2021 வரை குறைந்தது 13 குழந்தைகள் இறந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் எச்சரித்திருந்தது. நான் கடையில் நின்று துணியைத் தடவிப் பார்த்த நாளுக்கு எட்டு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்ட செய்தி அது. பத்துப் பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அந்நாடு 2022 மே மாதம் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. ரோக்கர் உட்காரும் பொருளாக விற்கப்படுவதால் அந்தத் தடையில் வரவில்லை. ஆனால் நம் வீடுகளில் அது படுக்கையாகத்தானே மாறுகிறது?

பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். "இதுக்குத்தான் ஏணை கட்டச் சொன்னேன்," என்றார். அங்கேதான் எனக்குச் சங்கடம். ஏணையில் உடம்பு வில்லாய் வளையும்போதும் முகவாய் நெஞ்சில் படலாம். துணி முகத்தை மூடலாம். சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை. இதைச் சொன்னதும் பாட்டியின் முகம் வாடிவிட்டது. எத்தனையோ பிள்ளைகளை ஏணையில் வளர்த்தவரிடம் இருபது வயதுப் பையன் பாடம் நடத்துவதா?

சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "கொட்டகையில நான் ஒரு நாளும் எழுந்து போனதில்லப்பா. கண்ணு ஏணையிலதான் இருக்கும்."

அவருடைய ஏணைகளைக் காப்பாற்றியது எது என்று அப்போது புரிந்தது. ஆட்டுகிற கையோடு ஒரு கண்ணும் சேர்ந்தே இருந்தது. பேட்டரி கையின் வேலையை எடுத்துக்கொண்டது. கண்ணின் வேலையை அதனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் கையேட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவன், கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவன் என்ற தெம்பு இருந்தது. "கட்டுப்பாட்டு அமைப்பை எப்பொழுதும் பயன்படுத்துக" என்று எழுதிப் படித்துக் காட்டினேன். "யாரைக் கட்டுப்படுத்தணும்?" என்று பாட்டி கேட்டார். அடித்துவிட்டு, "பெல்ட் போடாமல் உட்கார வைக்காதே" என்று எழுதினேன். இப்படி மூன்று தாள் கிழிந்தபின் ஐந்து வரிகள் தேறின:

1. இதில் தூங்க வைக்காதே. தூங்கிவிட்டால் உடனே தூக்கி, கெட்டி மெத்தையில் மல்லாக்கப் படுக்க வை.
2. பெல்ட் போடாமல் உட்கார வைக்காதே.
3. தரையில் மட்டும் வை. மேசை, கட்டில், சோபா மேல் வைக்காதே.
4. பொம்மைக் கம்பியைப் பிடித்துத் தூக்காதே.
5. பிள்ளை தானாக உட்காரப் பழகியதும் சாய்த்து வைக்காதே, முதுகை நிமிர்த்து.

தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன்.

நண்பர்களே, இரண்டரை ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு இன்று யாராவது என்னிடம் ரோக்கர் வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றுதான் சொல்வேன். சமைக்கும்போது பிள்ளையைக் கண்ணெதிரே உட்கார வைக்க உதவும். துவைத்தால் துணி சீக்கிரம் காய்கிறது. அதிர்வுப் பெட்டி எங்களுக்குத் தேவைப்படவில்லை, பேட்டரியைக் கழற்றிவிட்டோம். தானாக உட்காரப் பழகியதும் முதுகை நிமிர்த்தினோம். ஒன்றரை வயதில் நாற்காலியாக மாற்றினோம். இப்போது அதில் உட்கார்ந்துதான் அவள் ரொட்டி தின்கிறாள். ஆனால் கட்டிலுக்குப் பதிலாகவோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குப் பதிலாகவோ வாங்குவதாக இருந்தால் வேண்டாம். கையேட்டைப் பிரித்து, வீட்டில் யார் பிள்ளையைப் பார்க்கிறாரோ அவருடைய மொழியில் அதைச் சொல்லிவிட்டு, பிறகு பிள்ளையை உட்கார வையுங்கள்.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது சுவரில் ஒட்டிய தாளில் மஞ்சள் கறை படிந்திருந்தது. ஐந்தாம் வரிக்குக் கீழே பென்சிலால், நடுங்கும் கையெழுத்தில், புதிதாக ஒரு வரி இருந்தது. யானைத் தும்பிக்கை போல் வளைந்த அந்தப் பழைய 'ளை'யைப் பார்த்ததும் யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது.

6. பிள்ளையை விட்டுப் போகாதே.

அது கையேட்டில் இல்லாத வரி. நான் அதை அழிக்கவில்லை.