எங்கள் வீட்டு ஜன்னலும் பக்கத்து வீட்டுக் கிணற்றடியும்



வீடு கட்டும் சகோதரர்கள் சிலர், “ஹஜ்ரத், உங்கள் வீட்டில் போட்டிருக்கும் ஐரோப்பிய மாதிரி ஜன்னல் எப்படி? நாங்களும் போடலாமா?” என்று என்னிடம் கேட்கிறார்கள். உறுதியையும் செலவையும் மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிட மனம் ஒப்பவில்லை. அந்த ஜன்னலைத் தேர்ந்தெடுத்ததில் நான் செய்த ஒரு தவறையும் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

நடவாவிக் கிணற்றாலும் பெரிய ஏரியாலும் பெயர்பெற்றது எங்கள் ஐயங்கார்குளம். இங்கே அத்தா விட்டுச் சென்ற பழைய வீட்டில் மரக்கதவுகள் மழைக்காலத்தில் உப்பி நிலையோடு சிக்கிக்கொள்ளும். கோடையில் சுருங்கி இடுக்கு விடும். மாமரத்தில் செய்த ஜன்னல் சட்டங்களை மூன்றாண்டுகளில் கரையான் உள்ளிருந்தே தின்றுவிட்டது. எனவே உறவினர் ஒருவர் தந்த வட்டியில்லாக் கடனோடு அந்த இடத்தில் மாடி வீடு கட்டியபோது, யூபிவிசி ஜன்னல்களைப் போடுவதென்று முடிவு செய்தோம்.

இது 1950களில் ஜெர்மனியில் தொடங்கிய முறை. கரையான் இதைத் தொடாது. இது மழையில் உப்பாது. வண்ணமும் பூச வேண்டியதில்லை. சட்டத்தின் உட்புறம் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் துத்தநாகம் பூசிய எஃகுத் தண்டு இருக்க வேண்டும். விலையைக் குறைப்பதற்காக அந்தத் தண்டையே விட்டுவிடுபவர்கள் உண்டு. ஆகவே சட்டத்தை அறுத்த துண்டு ஒன்றைக் கேட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். நகரும் ஜன்னலில் பாதி அகலம் மட்டுமே திறக்கும்; கீல் வைத்த ஜன்னல் முழுவதும் திறக்கும். இரட்டைக் கண்ணாடி ஐரோப்பாவின் குளிருக்காக வந்தது. நம் ஊரில் குளிர்சாதன அறைக்கும் சாலை இரைச்சலுக்கும் அது உதவலாம். ஆனால் நேர் வெயிலைத் தடுப்பதற்கு ஜன்னலுக்கு மேலே நீட்டிய நல்ல சன்ஷேடுக்கு ஈடாகாது.

இவ்வளவையும் விசாரித்த நான், விசாரிக்காமல் விட்டது ஒன்று. மாடியில் பிள்ளைகள் படிக்கும் அறையின் வடக்குச் சுவரில் ஆறடி அகலத்திற்கு ஒரு நகரும் ஜன்னல் வைத்தோம். பகலில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே எதுவும் தெரியாதபடி பிரதிபலிக்கும் கண்ணாடி போட்டோம். எங்கள் வீட்டுப் பெண்களின் மறைவைக் காத்துக்கொண்டோம் என்றே நினைத்தேன்.

2023 தை மாதம் குடிபுகுந்தோம். சில நாட்களில், வடக்கே இருக்கும் நெசவாளர் வீட்டுக் கிணற்றடியில் பழைய சேலை ஒன்று குறுக்கே கட்டப்பட்டிருப்பதைக் கண்டேன். “என்ன அண்ணே, புதிதாகத் திரை?” என்று கேட்டேன். “ஒன்றுமில்லை பாய், வெயிலுக்குத்தான்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் நம்பிவிட்டேன்.

அன்றிரவு என் மனைவி சொன்னாள்: “தை மாதத்தில் அந்தப் பக்கம் வெயில் ஏது? நம் வீட்டு நிழல்தானே பகல் முழுவதும் அங்கே விழுகிறது? அந்த அக்கா பாத்திரம் துலக்குவதும் குளிப்பதும் அங்கேதான். நம் ஜன்னலுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு நாணமாக இருந்தது. அந்த வாரம்தான் மாணவர்களுக்கு, பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கேட்பது பற்றிய சூரா அந்நூரின் 27-ஆவது வசனத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது நபியவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்ததும், அனுமதி கேட்கும் சட்டம் ஏற்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கியதும் ஸஹீஹுல் புகாரியில் இருக்கின்றன. பிறர் வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேர் எதிரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பது நபியவர்களின் வழக்கம் என்று அபூதாவூதில் வருகிறது. இதையெல்லாம் பாடமாகச் சொல்லிவிட்டு, நானே என் வீட்டுச் சுவரில் ஆறடித் துவாரம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன்.

அது போதாதென்று, அந்தக் கண்ணாடி எங்களுக்கும் முழு மறைவைத் தரவில்லை. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் நிற்பவருக்கே அது ஆடியாகத் தோன்றும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் நாங்கள்தான் வெளியே தெரிவோம்.

ஹனஃபி மத்ஹபை அடிப்படையாகக் கொண்டு உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்ட நூலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சமையலறை, கிணற்றடி, வீட்டு முற்றம் ஆகிய பெண்கள் புழங்கும் இடங்கள் அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து தெரிவது பெருந்தீங்கு என்றும், அதை நீக்கியாக வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஜன்னல் ஆள் உயரத்திற்கு மேலே இருந்தால் அதை அடைக்கச் சொல்ல அண்டை வீட்டாருக்கு உரிமை இல்லை என்றும் கூறுகிறது. காற்றையும் வெளிச்சத்தையும் இச்சட்டம் மறுக்கவில்லை. பார்வையை மட்டுமே மறித்தது.

ஜன்னல் போட்டவரை அழைத்தேன். மரச்சட்டம் என்றால் ஆசாரி இழைத்து மாற்றித் தருவார். இதுவோ அளவெடுத்து வெட்டி மூலைகளை உருக்கி ஒட்டியது. மாற்ற முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். தரையிலிருந்து ஆள் உயரம் வரை திறக்க முடியாத மங்கல் கண்ணாடி. அதற்கு மேலே, தலைப்பகுதி மட்டும் உட்புறமாகச் சாயும் கதவு. சாய்த்துத் திறக்கும் இந்த முறையும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். காற்று தடையின்றி வருகிறது. தூறலும் உள்ளே தெறிப்பதில்லை. கூடுதல் செலவு என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. முதலிலேயே அந்தச் சுவருக்கருகே நின்று ‘இங்கிருந்து யார் வீடு தெரியும்?’ என்று பார்த்திருந்தால் அது மிச்சமாகியிருக்கும்.

பராமரிப்பு பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். அவ்வாண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கூடத்து ஜன்னலின் தண்டவாளத்தில் நீர் தேங்கி உள்ளே வழிந்தது. பூச்சு வேலையில் சிந்திய சிமென்ட், சட்டத்தின் அடியிலுள்ள வடிதுளைகளை அடைத்திருந்தது. மழைக்கு முன் அத்துளைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சட்டத்தைச் சோப்பு நீரால் துடைத்தால் போதும். தின்னர் கூடவே கூடாது. ரப்பர் பட்டைகளுக்குச் சிலிக்கான் தெளிப்பும், கீலுக்கும் பூட்டுக்கும் ஆண்டுக்கொரு முறை சில சொட்டு எண்ணெயும் இடுங்கள். இரவில் அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவுகளை அடைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி அடைக்கும்போதே தாழ் சரியாக விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

புதிய ஜன்னல் வந்த பிறகும் அந்தச் சேலை இரண்டு வாரம் அப்படியே இருந்தது. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன். கொடிக்கயிறு மட்டும் இருந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த அந்த அக்கா நிமிர்ந்து, “என்ன பாய், தொழுகை முடிந்ததா?” என்றார்.

நம் வீடுகளை நமக்கு நிம்மதியாகவும், நம் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராதவையாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.