மூர் மார்க்கெட் இருந்த இடம்

பொள்ளாச்சியில் சென்னை ரயில் ஏறினால் அது பழனி, திண்டுக்கல் என்று சுற்றிக்கொண்டு வந்து சென்ட்ரல் ஸ்டேஷனில் கொண்டு சேர்க்கும். வெளியே வந்ததும் ஆட்டோவைத் தேடி ஓடாமல் வலப்புறம் சற்றுத் திரும்பிப் பாருங்கள். புறநகர் ரயில்களுக்கென்று ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. அதன் பெயரில் 'மூர் மார்க்கெட்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மார்க்கெட்தான் இல்லை. 1985-ஆம் வருஷம் மே 30-ஆம் தேதி அதைத் தீ தின்றுவிட்டது.

அந்த நாளில் பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் சந்தை நெரிசலுக்கும் அசுத்தத்துக்கும் பேர் போனது. அதற்கு மாற்றாக ஒரு நல்ல அங்காடி வேண்டுமென்று, சென்னை நகரசபைத் தலைவராயிருந்த ஸர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டினார். 1900-ல் திறப்பு விழா நடந்தது. செக்கச் சிவந்த செங்கல் கட்டடம், வளைவு வளைவான வாசல்கள், நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் கடைகள். கிளியும் புறாவும் ஒரு பக்கம் கத்தும். மறுபக்கம் பழைய கிராமபோன் தட்டு பாடும். பொம்மைக்காகக் குழந்தை அடம் பிடிக்கும். அம்மா பேரத்தில் இறங்குவாள்.

பேரம் என்றதும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை நினைவுக்கு வருகிறதல்லவா? அங்கே துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து ஓசையில்லாமல் விலை பேசுவார்கள். மூர் மார்க்கெட்டிலோ எல்லாம் வாய்ப் பேச்சுதான். கடைக்காரர் சொன்ன விலையில் பாதியைக் கேட்பதற்குத் தயங்கினவர் ஏமாந்தார்!

ஆனால் அந்த மார்க்கெட்டின் உயிர் பழைய புத்தகக் கடைகளில் இருந்தது. கையில் காசில்லாத மாணவர்கள் பாடப் புத்தகத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிப் படித்துவிட்டு, மறு வருஷம் அங்கேயே விற்பார்கள்.

தீயினால் நேர்ந்த நஷ்டத்தின் ஆழம் இங்கேதான் இருக்கிறது. புது ஜவுளிக் கடை எரிந்தால், கடனோ உடனோ வாங்கி, மில்லிலிருந்து மறுபடி சரக்கு இறக்கலாம். பழைய புத்தகக் கடைக்காரர் யாரிடம் ஆர்டர் கொடுப்பார்? வீடு வீடாக, மூட்டை மூட்டையாகப் பல வருஷம் சேர்த்த சரக்கு அது. அச்சில் இல்லாத புத்தகம் சாம்பலானால், பணம் இருந்தும் பயனில்லை.

வியாபாரிகளுக்குப் பக்கத்திலுள்ள அல்லிக்குளத்தில் கடைகள் கொடுத்தார்கள். பழைய இடத்தில் ரயில்வேக் கட்டடம் எழுந்தது. மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்றையும் அங்கே செய்து வைத்தார்கள். அழகான மாதிரிதான், ஆனால் அதற்குள் நுழைந்து ஒரு கிளிக் கூண்டுக்கு விலை கேட்க முடியுமா?

பொள்ளாச்சிக் கடைவீதிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கொப்பரையும் தேங்காய் நாரும் நம் ஊரின் செல்வம். இரண்டும் நெருப்புக்குப் பிடித்தமான பண்டங்கள். நடைபாதையை மூட்டைகளால் அடைக்காமல், தீயணைப்பு வண்டி நுழைய வழிவிட்டு வைப்பது பெரிய செலவல்ல. கடைக்குப் போகும் பெண்களே, வழியை அடைத்திருக்கும் கடைக்காரரிடம் பேரத்தோடு பேரமாக இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்!