கலங்கல் வழிந்த காலம்

எங்கள் அம்மாவுக்குக் காலக்கணக்குச் சொல்ல வருஷ எண் தேவைப்பட்டதில்லை. "குண்டுக்குப் பயந்துகிட்டுப் பட்டணத்து ஜனம் வண்டி கட்டிக்கிட்டு வந்து எறங்கிச்சே, அதுக்கு மறு அறுப்புல உங்க பெரியக்கா பொறந்தா" என்பாள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை காலியானபோது, செங்கல்பட்டு ஜில்லாவின் திண்ணைகள் நிறைந்த கதை அது. போர் ஓய்ந்தும் உணவுக் கட்டுப்பாடு ஓயவில்லை. 1952-இல் ராஜாஜி அதை எடுத்த பிறகுதான் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நெல்மூட்டையைப் பயமில்லாமல் கொண்டுபோக முடிந்தது என்று அப்பா சொல்வார். அந்தப் பயத்தை நாங்கள் அறியோம். அக்காவுக்குப் பிறகு பிறந்த நாங்கள் சுதந்திர நாட்டில் சிலேட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர்ப் பக்கத்துச் செம்மண் தெருக்களில் பள்ளிக்கூடம் போனவர்கள். இன்று வயதானவர்களைக் கூட்டிவைத்துப் பேசினால் பேச்சு எப்படியும் இரண்டு இடத்தில் போய் நிற்கிறது. ஒன்று பள்ளிக்கூடத்துப் பந்தி, இன்னொன்று ஏரி.

பந்தியைச் சொல்கிறேன். காமராஜர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். எங்கள் வீடுகளில் அன்றாடம் கேழ்வரகுக் கூழ்தான். நெல்லுச்சோறு அமாவாசைக்கும் விருந்தாளிக்கும். பள்ளியில் கிடைத்ததோ சூடான சோறு. 1961-க்கு மேல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் அனுப்பிய பால்பவுடரும் மஞ்சள் மாவும் வந்தன. அந்த மாவில் கிண்டிய உப்புமாவின் மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. ஆனால் உணவைவிடப் பெரியது, அதைத் தின்ன உட்கார்ந்த வரிசை. சேரியிலிருந்து வந்த பையனும் ஊர்த்தெருப் பையனும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். அது முதல் நாளே நடந்துவிடவில்லை. சில வீடுகளில் பிள்ளைகளைத் தூக்குப்போசியோடு அனுப்பினார்கள், சில வாத்தியார்கள் வரிசையில் இடைவெளி விட்டார்கள். பசி அந்த இடைவெளியை மெல்ல மூடியது. எங்கள் தலைமுறை செய்த காரியங்களில் தலையாயது எதுவென்று என்னைக் கேட்டால், கட்சிக்கொடியையும் சினிமாவையும் பின்னால் தள்ளிவிட்டு இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எங்கள் ஊர்க் கம்புகட்டியின் பேரன். கம்புகட்டி என்றால் ஏரித்தண்ணீரைப் பங்குவைப்பவர். எந்த மதகை எப்போது திறப்பது, எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை, கடைமடைக்கு முறை என்றைக்கு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கையில் ஒரு கம்பு, தோளில் மண்வெட்டி. கூலி அறுவடையில் களத்துமேட்டில் அளக்கும் நெல். ஊருக்கே தண்ணீர் பிரித்துக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. என் தாத்தாவை அவர் "ஆண்டே" என்றார், தாத்தா அவரை "வாடா போடா" என்றார். ஆனாலும் வறட்சியில் அவர் மடையை அடைத்துவிட்டால் தாத்தா மறுபேச்சுப் பேசமாட்டார். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கரை கசிகிறது என்று அவர் குரல் கொடுத்தால் இரு தெருவும் கூடை மண்வெட்டியோடு ஓடும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த அன்று ஊரில் யாருக்கும் வேலை ஓடாது. வேட்டியை விரித்துக் கெண்டையும் கெளுத்தியும் அள்ளுவோம். நவரைப் போகத்துக்கும் தண்ணீர் உண்டு, சில வருஷம் சொர்ணவாரிக்குக்கூட உண்டு என்று பெரியவர்கள் கரையில் நின்று கணக்குப் போடுவார்கள்.

பழைய ஒற்றுமை என்று இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வராதவனைக் கட்டாயப்படுத்த வெள்ளைக்காரன் 1858-இல் சட்டமே போட்டிருந்தான். அந்தக் கட்டாயம் முதலில் யார் முதுகில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னும் பழைய கதையும் அப்படித்தான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய, குடத்தில் ஓலையிட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. சின்ன வயதில் அந்த மண்டபத்தில் கண்ணாமூச்சி ஆடினோம். வாத்தியார் ஒருநாள் எங்களை நிறுத்திவைத்து அதில் என்ன இருக்கிறது என்று சொன்னார். ஊரில் முப்பது குடும்புகள் என்ற பிரிவுகள், நிற்பவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. தேர்ந்தெடுத்தவர்களில் ஒரு பகுதியினர் ஏரி வாரியம். ஏரியைப் பார்க்கவென்றே ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு குழு! கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தத் தகுதிகளில் ஒன்றுகூடக் கம்புகட்டிக்கு இல்லை. 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில்தான் அவர் சின்னம் ஒட்டிய பெட்டியில் தன் சீட்டைப் போட்டார். என் தாத்தாவுக்கும் ஒரு சீட்டுதான், அவருக்கும் ஒரு சீட்டுதான்.

எழுத்து எங்களோடுதான் வீட்டுக்குள் வந்தது. அண்ணா காஞ்சிபுரத்திலிருந்து 1942-இல் தொடங்கிய 'திராவிட நாடு' இதழின் பழைய பிரதிகள் முடிதிருத்தும் கடையில் கிடக்கும். மூத்தவர்கள் கேட்க, எழுத்துக்கூட்டத் தெரிந்த பையன் உரக்கப் படிப்பான். படிப்பகம் என்று ஒரு கீற்றுக் கொட்டகை போட்டோம். ஒரு பெஞ்சு, இரண்டு பேப்பர், அவ்வளவுதான். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக்காக எங்களைவிட மூத்த பையன்கள் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே வருஷத்தில் அண்ணா முதலமைச்சர். 1969 ஜனவரி 14-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. அடுத்த மாதம் 3-ஆம் தேதி அண்ணா போய்விட்டார், அன்று எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. அந்தக் காலத்துக் கல்யாணங்களில் ஒலிபெருக்கி கட்டி, ஐயரில்லாமல், மேடையில் ஒருவர் தலைமை தாங்கி நடந்தவை பல. அப்படிச் செய்த கல்யாணம் செல்லும் என்று சட்டம் கொண்டுவந்ததும் அண்ணாதான். முனியம்மா, சின்னப்பொண்ணுகளின் பேத்திகளுக்குத் தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, மலர்விழி என்று பெயர் வைத்தோம். பெயரைக் கேட்டுச் சாதி கண்டுபிடிக்க முடியாமல் போனது எத்தனை பெரிய காரியம்!

பெண்களைப் பற்றி இவ்வளவு சொல்ல முடியாதது எனக்கு வருத்தம். பெரியக்கா ஐந்தாவதில் முதலாவதாக வந்தாள். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். என் பாடப்புத்தகத்தை அடுப்பங்கரையில் வைத்து அவள் படித்து முடித்த பிறகுதான் எனக்குக் கொடுப்பாள். தன் மகளை மட்டும் ஒரு நாள்கூட அவள் நிறுத்தவில்லை. மாமாவோடு சண்டை போட்டாள், வளையலை அடகு வைத்தாள், பெண்ணைப் பயிற்சிப்பள்ளிக்கு அனுப்பினாள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அடுத்து வந்த டீச்சர்களில் பலர் இப்படிப்பட்ட அக்காக்களின் மகள்கள்.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசுமரம் ஏறுவான், பதினெட்டாம் நாள் மண்ணால் செய்த துரியோதனன் களத்தில் நீட்டிப் படுத்துக் கிடப்பான். விடியவிடிய காஸ்லைட் வெளிச்சத்தில் பார்த்த நாங்களே டென்ட்டுக் கொட்டாய் வந்ததும் அங்கே ஓடினோம். மணலைக் குவித்து உட்கார்ந்து 'நாடோடி மன்னன்' பார்த்தோம். கொட்டாயில் சாமிப்பாட்டு ரிக்கார்டு போட்டால் படம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அரைமைல் தூரத்திலிருந்து சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். செய்யாறு பக்கத்துப் புரிசையில் கூத்து தழைத்திருக்கிறது, நகரத்து நாடகக்காரர்கள் அங்கே போய்க் கற்றார்கள். எங்கள் ஊரிலோ வேஷம் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அடவு தெரியாது.

கரண்ட் வந்தது. அதோடு பம்புசெட் வந்தது. அதுவரை கிணற்றில் ஏற்றம். ஏற்றமரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார், கீழே நிற்பவர் சால் என்னும் வாளியைப் பிடித்துக் கவிழ்ப்பார். ஒவ்வொரு சாலுக்கும் பாட்டிலேயே ஓர் எண் வரும், பாட்டுதான் தண்ணீர்க் கணக்கு. விடியற்காலம் நாலாபக்கமும் அந்தக் குரல்கள் எழும். அஞ்சு ஹெச்.பி. மோட்டார் ஓடத் தொடங்கியதும் பாடுவதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. ஏற்றம் மிதித்துக் கால் வெடித்துப்போன மனிதர்களைப் பார்த்தவன் நான். அது போனது நல்லது என்றே சொல்வேன், பாட்டு போனதற்கு அழவும் செய்வேன். ரேடியோவில் விவசாயிகள் நிகழ்ச்சி கேட்டு ஐ.ஆர்.எட்டு நெல் போட்டார்கள். கிச்சிலிச் சம்பா ஒதுங்கியது, களம் நிறைந்தது, தினமும் சோறு தின்றோம். வைக்கோல்தான் குட்டை, மாட்டுக்குப் போதவில்லை.

சொந்த மோட்டார் இருப்பவனுக்கு மதகு எதற்கு? கம்புகட்டியின் சொல் எதற்கு? முதலில் பெரிய நிலக்காரர்கள் ஏரி வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள், பிறகு எல்லாரும். 1980-இல் எம்.ஜி.ஆர். பரம்பரைக் கிராம அதிகாரிகளான கர்ணத்தையும் மணியக்காரரையும் நீக்கியது நியாயமான காரியம். ஆனால் கம்புகட்டியின் வேலையை யாரும் நீக்கவில்லை, அது தானாகவே செத்தது. 1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானபோது கிணறுகள் இன்னும் ஆழம் போயின. திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் மணலை அள்ளினார்கள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் இருட்டிலேயே வந்து நிற்கின்றன, பேரப்பிள்ளைகள் ஏறிப் போகிறார்கள். போகட்டும், சேற்றில் கிடக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. 2017-இல் அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியது எங்கள் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான். பெயரைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. வேலையைச் செய்ய மண்வெட்டிகளுக்குப் பதில் பொக்லைன் வந்தது.

ஊர்ப் பையன்கள் சிலர் சமீபத்தில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்கால் எந்த வழியாக வந்தது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். வரைபடம் அவர்கள் போனில் இருந்தது, தடம்தான் தரையில் இல்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனைக் கூப்பிட்டேன். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன், முட்டிவலிக்காரன், ஆனாலும் தாத்தாவோடு நடந்த வழி அவனுக்கு மறக்கவில்லை. கருவேல முள்ளுக்குள் நுழைந்தும் மனைப்பிரிவுக் கற்களைத் தாண்டியும் அடைபட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். பையன்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே அவன் என் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினான், கீழே நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.